கணவருக்கு வேலை போய்விட்டது. நிலுவையில் இருக்கும் கிரீன் கார்டு என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு முறை படித்தேன். கணவர் அமெரிக்கக் குடிமகன். நீங்கள் மாணவர் விசாவில் வந்து படிப்பை முடித்தவர். கணவர் போடும் குடும்ப மனுவான ஐ-130, நீங்கள் போடும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 இரண்டையும் ஒன்றாகப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. கைரேகை கொடுத்தாயிற்று. வேலை அனுமதி அட்டை வந்து, ஒரு பல் மருத்துவர் அலுவலகத்தின் வரவேற்பில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறீர்கள். நேர்காணல் தேதி இன்னும் வரவில்லை. போன மாதம் கணவரின் கம்பெனியில் ஆள் குறைப்பு. அவர் பெயரும் பட்டியலில் இருந்திருக்கிறது. "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டு, அவருக்கு வேலை கிடைத்ததும் மறுபடி போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மனதில் ஓடுவது வேறு இரண்டு கேள்விகள் என்று தோன்றுகிறது. அவருடைய வேலையோடு என் கிரீன் கார்டும் போய்விட்டதா? இதை நாங்களாகப் போய்ச் சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா?

வாபஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள். ஐ-485-க்குக் கட்டிய 1,440 டாலரும் காகிதத்தில் போட்டிருந்தால் ஐ-130-க்குக் கட்டிய 675 டாலரும் திரும்பி வராது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் எஃப்-1 மாணவர் விசாக் காலம் முடிந்திருந்தால், இன்றைக்கு நீங்கள் இந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான ஆதாரமே நிலுவையில் இருக்கும் அந்த ஐ-485தான். நீங்கள் பார்க்கும் வேலைக்கான அனுமதியும் அதில்தான் தொங்குகிறது. அதைக் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கினால், கூரையில் ஒரு ஓடு உடைந்ததற்காக வீட்டையே இடித்த கதையாகிவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் ஒரு குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகப் பாராலீகலாக இருக்கிறேன். வக்கீல் இல்லை. குடும்ப விண்ணப்பங்களைத் தயார் செய்வதும், அவற்றோடு போகும் ஐ-864 என்ற ஸ்பான்சர் பத்திரங்களை வரிவரியாகச் சரிபார்ப்பதும்தான் என் அன்றாட வேலை. உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே சொல்வது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு என்று ஒரு முடிவெடுக்கும் முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் பயம் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வரும் தமிழர்களில் பெரும்பாலானோர் எச்-1பி வேலை விசா வழியாக வந்தவர்கள், அல்லது அந்த வழியில் வந்தவர்களின் நடுவே வாழ்பவர்கள். எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், அல்லது வேறு அந்தஸ்துக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். "வேலை போனால் எல்லாம் போச்சு" என்பது அந்த உலகத்தில் ஏறக்குறைய உண்மை. ஏனென்றால் அங்கே மனுதாரர் கம்பெனி. உங்கள் வழக்கில் மனுதாரர் உங்கள் கணவர், ஒரு குடிமகன். அவர் உங்களுக்காக மனுப் போட முடிந்தது குடிமகன் என்பதாலும், திருமணம் உண்மையானது என்பதாலும். அந்த இரண்டில் எதுவும் போன மாதம் மாறவில்லை. ஐ-130 அவருடைய சம்பளத்தைக் கேட்பதே இல்லை. ஸ்பான்சர் செய்யும் கணவரோ மனைவியோ குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருந்தாலும் இதே கதைதான்.

சம்பளம் முக்கியமாக நுழையும் இடம்: ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் பத்திரம். வருபவர் அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதற்காக 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஸ்பான்சர் தன் குடும்பத்தின் அளவுக்கு, கூட்டரசின் வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டின் அட்டவணைப்படி, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, இரண்டு பேர் குடும்பத்துக்கு அது 26,437 டாலர். மூன்று பேருக்கு 33,312. நான்கு பேருக்கு 40,187. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. எங்கள் அலுவலகத்தில் இந்த எண்ணைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோள் சற்றே இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய சம்பளம் திரும்பி வந்தால்தான் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். உண்மையில் தாண்ட வேண்டிய கம்பு அதைவிட மிகவும் தாழ்வானது. கட்டாயமாகத் தாண்டத்தான் வேண்டும், ஆனால் தாழ்வானது.

குடும்பத்தின் அளவை எண்ணுவதில் நம்மவர்கள் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். கணவர், நீங்கள், குழந்தைகள் இருந்தால் குழந்தைகள். அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். அவர் முன்பு வேறு யாருக்காவது ஐ-864 கையெழுத்துப் போட்டு, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால் அவர்களும் கணக்கில் வருவார்கள். அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் நிறைய. அப்பா அம்மா வருடத்தில் முக்கால்வாசி கும்பகோணத்தில் இருந்தாலும், கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைக்காத வரை அவர்கள் இருவரும் எண்ணிக்கையில் உண்டு. இரண்டு பேர் குடும்பம் சட்டென்று நான்கு பேர் குடும்பமாகி, 26,437 என்பது 40,187 ஆகிவிடும். உங்கள் கணவர் அப்படிச் செய்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, போன வருட வரிக் கணக்கில் 90 ஆயிரமோ ஒரு லட்சமோ இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்ற கேள்வி. காப்பாற்றாது. வரிக் கணக்கைக் குடியேற்ற அதிகாரிகள் கேட்பது உண்மை, ஆனால் ஐ-864 முதன்மையாகக் கேட்பது இப்போதைய வருட வருமானத்தை. போன வருடம் எவ்வளவு சம்பாதித்தார் என்பது பின்னணி. இனி தொடர்ந்து வருமா என்பதுதான் கேள்வி. இதன் மறுபக்கமும் உண்மை, அது உங்களுக்கு நல்லது. போன வருடம் சுத்தமாக வருமானமே இல்லாதவர், நேற்றுச் சேர்ந்த வேலையின் நியமனக் கடிதத்தையும் முதல் இரண்டு பே ஸ்டப்பையும் (சம்பளச் சீட்டு) வைத்துத் தகுதி பெற முடியும்.

அந்தப் பத்திரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. வேலையில் இருப்பவர், சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர் என்ற வரிசையில், "இந்தத் தேதியிலிருந்து வேலையில்லை" என்று தேதி எழுத ஒரு இடம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். இருபது வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவர். மனைவி பக்கத்தில் இருந்தார். "இதை எழுதினால் இவள் கேஸை நானே கெடுத்த மாதிரி ஆகுமே" என்றார். நான் பத்திரத்தைத் திருப்பி அடுத்த பக்கங்களைக் காட்டினேன். வீட்டிலுள்ள மற்றவர்களின் வருமானத்துக்கு ஒரு பகுதி, சொத்துக்கு ஒரு பகுதி. கூடவே பொறுப்பேற்கும் இன்னொருவரான ஜாயின்ட் ஸ்பான்சருக்கோ தனிப் பத்திரமே உண்டு. வேலையில்லாதவரும் இந்தப் பத்திரத்தை நிரப்புவார் என்று எதிர்பார்த்துத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தக் கட்டமே இருந்திருக்காது. அவர் தேதியை எழுதினார். மனைவியின் சித்தப்பா ஜாயின்ட் ஸ்பான்சர் ஆனார். நேர்காணலில் அதிகாரி இரண்டு பத்திரங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். சில வாரங்களில் அட்டை வந்தது.

சரி, வருமானத்தை எந்த நாளில் அளக்கிறார்கள்? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உள்நாட்டிலேயே ஐ-485 போட்டவர்களுக்கு, விதிப்படி, விண்ணப்பம் போட்ட வருடத்தை வைத்துத்தான் தகுதி பார்க்க வேண்டும். அந்த நேரத்தின் வறுமைக்கோட்டு அட்டவணைதான் பொருந்தும். இது எழுத்தில் இருக்கிறது. போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் அதிகாரி புதிய ஆதாரம் கேட்கலாம் என்பதும், ஸ்பான்சரின் வேலையிலோ வருமானத்திலோ பெரிய மாற்றம் ஏற்பட்டிருந்தால் அதை வைத்தே பத்திரம் போதாது என்று சொல்லலாம் என்பதும் எழுத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை ஒரு அதிகாரி எந்த அளவுக்குப் பயன்படுத்துவார் என்பது எழுத்தில் இல்லை. "போட்ட அன்று சரியாக இருந்தது, போதும்" என்று தாண்டிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். போன வாரத்து பே ஸ்டப் வரை கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்தான் வருவார் என்று நினைத்துத் தயாராவதே என் பழக்கம். நேர்காணல் அழைப்புக் கடிதம் வழக்கமாக ஸ்பான்சரின் அண்மைய வருமான ஆதாரங்களையும் கொண்டுவரச் சொல்லும். அதனால் கேட்க மாட்டார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இனி, விழுந்த இடத்தை எப்படி நிரப்புவது. கணவருக்குப் புதிய வேலை கிடைப்பது எல்லாவற்றிலும் எளிது. பழைய சம்பளம் வேண்டியதில்லை, வரம்பைத் தாண்டினால் போதும். ஒப்பந்த வேலையோ சொந்தமாக வண்டி ஓட்டுவதோகூட வருமானம்தான். ஆனால் அதில் செலவு போக நிற்கும் நிகர வருமானத்தைத்தான் எடுப்பார்கள். இரண்டு மாதத்துக் கணக்கைக் காட்டி ஒரு வருடத்து வருமானம் என்று நம்ப வைப்பதும் கஷ்டம்.

பலரும் மறந்துவிடும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: உங்கள் சம்பளம். குடியேறப் போகிறவரின் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கலாம். சட்டப்படி அனுமதி பெற்ற வேலையாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்திலிருந்து வருமானம் தொடர வேண்டும். உங்கள் வேலை அனுமதி அட்டையில் பார்க்கும் வேலை இந்த இரண்டுக்கும் பொருந்துகிறது. மாதம் 1,500 டாலர் போல வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வருடத்துக்கு 18,000. நீங்கள் இருவர் மட்டும் என்றால் குறைவது 8,437 டாலர். இதை நிரப்ப அடுத்து சேமிப்பைப் பார்க்க வேண்டும். குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு, குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். மற்ற பெரும்பாலான உறவுகளுக்கு ஐந்து மடங்கு. 8,437-ஐ மூன்றால் பெருக்கினால் 25,311. உங்கள் இருவரின் சேமிப்பில் 30 ஆயிரம் டாலர் போல இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதாவது, வாபஸ் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கும் இந்த நாளில்கூட, காகிதத்தில் நீங்கள் தகுதியோடுதான் இருக்கிறீர்கள்.

ஆனால் அந்தத் தகுதி மெல்லியது. அதையும் சொல்லியாக வேண்டும். வேலையில்லாத வீட்டில் சேமிப்புதான் முதலில் கரையும். வாடகையும் காரின் தவணையும் கட்டி, மூன்று மாதம் கழித்து 22 ஆயிரம் மிஞ்சியிருந்தால் கணக்கு இடிக்கும். பல் மருத்துவர் உங்கள் நேரத்தைக் குறைத்தாலும் இடிக்கும். முதலாளியிடம் வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். மாதம் 2,210 டாலரைத் தொட்டால், இரண்டு பேர் குடும்பத்துக்கான வரம்பை உங்கள் சம்பளம் தனியாகவே தாண்டிவிடும். இதில் ஒரு மனக் கஷ்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஸ்பான்சர் செய்கிறவருக்கே நான் சம்பாதித்துக் காட்டுவதா என்று சிலர் தயங்குகிறார்கள். விதி அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே வீட்டின் வருமானமாகத்தான் பார்க்கிறது.

சொத்து என்றதும் ஊரில் இருக்கும் நிலம், வீடு, நகை எல்லாம் சேருமா என்று கேட்பார்கள். விதி சொல்வது, ஒரு வருடத்துக்குள் பெரிய சிரமமோ இழப்போ இல்லாமல் பணமாக்க முடிய வேண்டும் என்பது. வெளிநாட்டுச் சொத்தானால் அந்தப் பணத்தை இங்கே கொண்டுவரவும் முடிய வேண்டும். வங்கி வைப்புத் தொகை இதில் நன்றாக நிற்கும். வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்ப இந்திய விதிகள் இடம் தருகின்றன. அதனால் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சொந்தப் பெயரில் தனிப் பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் இருக்கும் மனையும் நிற்கலாம். அண்ணன் தம்பி பெயரெல்லாம் சேர்ந்த கூட்டுப் பட்டாவை நான் ஃபைலில் வைக்கச் சொல்வதே இல்லை. நகைக்கு மதிப்பீடு வாங்கி வைத்தாலும் அதிகாரிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் வரியும் அபராதமும் போக மிஞ்சுவதைத்தான் சிலர் கணக்கிடுகிறார்கள். ஓட்டும் கார் ஒன்றே ஒன்றென்றால் அது சேராது.

வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை பற்றி. அதை வாங்கினால் "அரசு உதவி வாங்கினவர்" என்று ஆகிவிடும் என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கிறாரே உங்கள் கணவர், அது தேவையில்லாத பயம். வேலை பார்த்துச் சம்பாதித்த உரிமை அது. ஏழ்மையைப் பார்த்துத் தரும் உதவியல்ல. அதை வாங்குவதால் உங்கள் விண்ணப்பத்துக்குக் கேடு இல்லை. ஆனால் அதையே வருமானமாகக் காட்டி வரம்பைத் தாண்டலாமா என்பது வேறு. அது வரிக்கு உட்பட்ட வருமானம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரத்துக்கு மேல் வராது. தொடர்ந்து வருமா என்று கேட்கும் ஒரு பத்திரத்தில், நிற்கப் போகிற தொகை பலவீனமானது. வேலையை விட்டு அனுப்பும்போது தந்த தொகையும் அப்படித்தான். அதை வருமானமாகக் காட்டுவதைவிட வங்கியில் போட்டுச் சேமிப்பாகக் காட்டுவதே மேல்.

இப்போது ஜாயின்ட் ஸ்பான்சர். உங்களுக்கு நான் சொல்லும் உண்மையான காப்பு இதுதான். உங்கள் கணவருக்கு வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் அவர் ஐ-864 போட்டே ஆக வேண்டும். அதோடு இன்னொருவர் தனியாக ஒரு ஐ-864 போடலாம். அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும், 18 வயது முடிந்து அமெரிக்காவில் வசிக்க வேண்டும். உறவினராக இருக்கத் தேவையில்லை. எச்-1பியில் இருக்கும் நண்பர் எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் முடியாது. இருவரின் வருமானத்தைச் சேர்த்தும் காட்ட முடியாது. ஜாயின்ட் ஸ்பான்சர் தன் குடும்பத்தோடு உங்களையும் சேர்த்து எண்ணி, தனியாகவே வரம்பைத் தாண்ட வேண்டும். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள நண்பர் என்றால் உங்களோடு ஐந்து பேர். 2025 அட்டவணையில் 47,062 டாலர். உங்கள் கணவர் முன்பு அப்பா அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த எண்ணிக்கை நண்பரின் கணக்கில் ஏறாது.

யாரிடம் கேட்கிறீர்களோ, அவரிடம் இது என்ன என்பதை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். "சும்மா ஒரு கையெழுத்து அண்ணா" என்று வாங்கிவிட்டுப் போவதை நான் வெறுக்கிறேன். இது நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தம். நீங்கள் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக்குச் சமமான 40 காலாண்டு உங்கள் கணக்கில் சேரும் வரை அவர் பொறுப்பில் இருப்பார். மரணமோ, நீங்கள் கிரீன் கார்டை விட்டுவிட்டு நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போவதோ அதை முடிக்கும். விவாகரத்து முடிக்காது. நீங்கள் வருமானத்தை வைத்துத் தரும் சில அரசு உதவிகளை வாங்கினால், அந்த அலுவலகம் அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும். நடைமுறையில் வழக்குகள் அதிகம் வருவதில்லை என்றாலும், நட்பை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு அனுமதிக்கப்படும் வரை அவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். இவ்வளவும் தெரிந்து சரி என்றால் அவருடைய வரிக் கணக்கு, அண்மைய பே ஸ்டப், குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நகல் எல்லாம் வாங்கித் தயாராக ஒரு உறையில் வையுங்கள்.

நாங்களாகச் சொல்ல வேண்டுமா? நிலுவையில் இருக்கும்போது ஸ்பான்சருக்கு வேலை போனால் இத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நேர்காணலுக்குக் காத்திருந்து அங்கே கொடுப்பது ஒரு வழி. குடியேற்றத் துறையின் இணையக் கணக்கில் முன்கூட்டியே புதிய பத்திரங்களை ஏற்றுவது இன்னொரு வழி. எது நல்லது என்பதில் வக்கீல்களே ஒத்துப்போவதில்லை. என் எண்ணம்: இரண்டு மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தால் காத்திருங்கள், இழுக்கிறது என்று தெரிந்தால் ஜாயின்ட் ஸ்பான்சரின் பத்திரத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள், குறையை மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நேர்காணலில் சத்தியம் செய்து அமர்கிறீர்கள். ஐ-485-இன் பதில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, திருத்தங்களோடு மறுபடி கையெழுத்து வாங்குவார்கள். ஒரு தம்பதி, யாரோ சொன்னதைக் கேட்டு, முடிந்துபோன வேலையின் பழைய கடிதத்தையே கொண்டுபோய் நீட்டினார்கள். அதிகாரி அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டார். ஒரு ஜாயின்ட் ஸ்பான்சரால் தீர்ந்திருக்க வேண்டியது, பொய்ச் சான்று என்ற குற்றச்சாட்டாக மாறி ஒரு வருடத்துக்கு மேல் அலைய வைத்தது. வருமானக் குறையை எப்போதும் நிரப்பலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்ற முடிவு வாழ்நாள் முழுக்கத் தடையாக நிற்கும். விலக்கு கேட்க வழி உண்டு என்றாலும் அது நீண்ட, கசப்பான வழி.

பத்திரம் போதவில்லை என்று அதிகாரி நினைத்தால் வழக்கமாக உடனே நிராகரிப்பதில்லை. ஆர்எஃப்இ எனப்படும் கூடுதல் ஆதாரக் கோரிக்கை வரும். அதற்குப் பதில் தர அதிகபட்சம் 84 நாள், தபாலில் வந்தால் மேலும் 3 நாள். சில சமயம் அதைவிடக் குறைவாகவும் தருவார்கள். கடிதத்தில் இருக்கும் தேதிதான் கணக்கு. அதை நீட்டிக்க முடியாது. எல்லா ஆதாரத்தையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். இதைத் தவறவிடுவது முன்பைவிட இப்போது ஆபத்தானது. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியிட்ட கொள்கைப்படி, நிராகரிக்கப்பட்டு வேறு சட்டபூர்வ அந்தஸ்தும் இல்லாதவர்களைக் குடியேற்ற நீதிமன்றத்துக்கு அனுப்பும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஜாயின்ட் ஸ்பான்சரின் அந்த உறையை இப்போதே தயாராக வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேலை போன வீடுகளில் நல்ல எண்ணத்தோடு எடுக்கும் இரண்டு முடிவுகள் வழக்கைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, "வாடகையாவது மிஞ்சும், மூன்று மாதம் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரலாம்" என்பது. வெளியே போய்த் திரும்பி வர விடும் அட்வான்ஸ் பரோல் அனுமதி கையில் வராமல் நீங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும். செல்லுபடியாகும் எச், எல் விசாக்காரர்களுக்கு உள்ள விலக்கு எஃப்-1-லிருந்து வந்த உங்களுக்கு இல்லை. இன்னொன்று, புது வேலைக்காக வேறு மாநிலத்துக்கு அவசரமாக வீடு மாற்றுவது. மாறுவதில் தவறில்லை. ஆனால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவம் மூலம் குடியேற்றத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றிவிட்டு இருந்தவர்களின் நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், வராதவர்கள் என்று நிராகரிக்கப்பட்டது உண்டு. அவர் மட்டும் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து, நீங்கள் இங்கேயே இருக்கும்படி ஆனால், பயணச் சீட்டுகள், இரண்டு வீட்டு ஒப்பந்தம், அவர் வேலையில் சேர்ந்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஏன் தனித்தனி முகவரி என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

டொராண்டோவில் இருக்கும் உங்கள் மாமா "வருமானமெல்லாம் கேட்கவே மாட்டார்கள்" என்றாராமே, அவர் பொய் சொல்லவில்லை. கனடாவில் கணவன் மனைவிக்கு ஸ்பான்சர் செய்யப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. மாற்றுத்திறன் தவிர்த்த காரணங்களுக்காக அரசின் சமூக உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் சிக்கல். பிரிட்டனில் நேர் எதிர்: 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு வருடம் 29,000 பவுண்ட் வேண்டும், ஜாயின்ட் ஸ்பான்சர் என்ற ஏற்பாடும் வழக்கமாக இல்லை. மூன்று நாட்டின் கதைகளும் நம் குடும்ப வாட்சப் குழுக்களில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்காவின் விதி மட்டும்.

மனைவியோ கணவரோ இன்னும் ஊரிலேயே இருந்து, இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்காரர்களின் குடியேற்ற விசா நேர்காணல் வழக்கமாக மும்பைத் தூதரக அலுவலகத்தில் நடக்கும். அங்கே நேர்காணல் சமயத்து நிலைமையைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அதனால் வேலை இழப்பு அங்கே இன்னும் நேரடியாக இடிக்கும். போதவில்லை என்றால் 221ஜி கடிதம் கொடுத்து ஆதாரம் கேட்பார்கள், அப்போதும் ஜாயின்ட் ஸ்பான்சரைக் கொடுக்கலாம். ஆனால் வேலை போன ஸ்பான்சர் இங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய் உட்கார்ந்துவிட்டால், அமெரிக்காவில் வசிப்பவர் என்பதையே நிரூபிக்க வேண்டிய இரண்டாவது தலைவலி சேரும்.

அரசுக்குச் சுமை என்ற விதி அடிக்கடி மாறுவது என்பதையும் மனதில் வையுங்கள். 2020 பிப்ரவரியிலிருந்து 2021 மார்ச் வரை ஐ-944 என்று ஒரு தனிப் படிவம் இருந்தது. விண்ணப்பதாரரின் கடன் மதிப்பெண் அறிக்கையைக்கூடக் கேட்டார்கள். பிறகு அது போய், 2022 டிசம்பர் 23 முதல் வேறு விதி வந்தது. 2025 நவம்பரில் அந்த விதியையும் நீக்குவதற்கான முன்மொழிவை வெளியிட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன ஐ-864 கணக்கு 1996 சட்டத்தில் நிற்பதால் இவற்றோடு சேர்ந்து ஆடவில்லை. மற்ற பகுதிகளுக்கு, நேர்காணல் கடிதம் வந்ததும் அன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கணவர் வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். நீங்கள் உங்கள் முதலாளியிடம் வேலை நேரம், சம்பளம், தொடர்ந்து வேலை உண்டு என்ற விவரத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். சேமிப்புக் கணக்கின் கடந்த 12 மாத அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின்ட் ஸ்பான்சராக இருக்கக் கூடியவர் என்று நீங்கள் குறிப்பிட்ட அந்த அக்காவையும் அவர் கணவரையும் நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்க வேண்டிய விஷயமல்ல இது. அவர்கள் வீட்டில் எத்தனை பேர், முன்பு யாருக்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். எந்த வரம்பைத் தாண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.